பனிக்குள் கேட்ட என் பெயர்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. நீலகிரியில் நடுவட்டத்துக்குக் கீழே, கூடலூர் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நானும் என் மனைவியும் வேலை செய்கிறோம். நான் செடிகளின் கிளையை நறுக்கிக் கவாத்து வெட்டுகிற, மருந்து அடிக்கிற ஆள். அவள் கொழுந்து எடுப்பவள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். இதை எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பேர் முன்னால் பேசுவதைவிட இது எனக்குச் சுலபம்.

எங்கள் எஸ்டேட்டில் விடிந்ததும் ஆண்களும் பெண்களும் ஸ்டோர் கட்டடத்துக்கு முன்னால் கூடுவோம். அந்த இடத்தைப் பிரட்டுக்களம் என்போம். எங்கள் பெரியவர்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது கூடவே கொண்டுவந்த சொல் அது. அங்கே மேஸ்திரி என்று நாங்கள் சொல்லும் சூப்பர்வைசர் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். 'இருக்கேங்க' என்று சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. கேட்பதற்குக் கறாராகத் தெரியும். காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பனி மூடினால் பக்கத்தில் நிற்கிறவர் முகமே தெரியாது. முன்பு ஒருநாள் வந்துவிட்டார் என்று நினைத்து ஒருவரின் பேரை எழுதிவிட்டார்கள். அவரோ வரும் வழியில் காட்டெருமை துரத்தி ஓடைப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆளைக் காணோமே என்று தேடினார்கள். உயிர் பிழைத்தார். அதிலிருந்து குரல் கேட்டால்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

இதில் எனக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிட்டாலே எனக்கு வியர்த்துவிடும். வளர்ந்த பிறகும் அது போகவில்லை. கூட்டத்தில் வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பழைய சூப்பர்வைசருக்கு இது தெரியும். அதனால் நான் முன்வரிசையில் அவர் கண்ணெதிரே போய் நின்றுகொள்வேன். அவர் கூப்பிடுவார், நான் தலையாட்டுவேன், அவர் எழுதிக்கொள்வார். பல வருஷமாக இப்படித்தான் ஓடியது.

எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின எஸ்டேட் வீடுகளில், அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி. என் மனைவியோடு கொழுந்து எடுப்பவள். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. "ஏங்க்கா, அண்ணன் கல்யாணத்தன்னிக்காச்சும் வாயத் தொறந்தாரா, இல்ல அப்பவும் தலையத்தான் ஆட்டுனாரா?" என்று களத்திலேயே கேட்பாள். என் மனைவி, "தாலி கட்டறதுக்குத் தல எதுக்குடி, கை இருந்தாப் போதும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சத்தம் வராமல்.

அந்த ஐப்பசியில் பழைய சூப்பர்வைசர் ரிட்டயர் ஆனார். மேனேஜர் என் மனைவியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, அந்த வேலையை அவள் பார்க்க முடியுமா என்று கேட்டார். எங்கள் எஸ்டேட்டில் அதுவரைக்கும் பெண் சூப்பர்வைசர் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

அவளைக் கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. அவள் எட்டாவது வரை படித்தவள். நன்றாக எழுதுவாள். அதைவிட, மலையில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் பற்றி அவளுக்குக் கவலை உண்டு. யாருக்கு முட்டிவலி, யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பெண் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துச் செய்வாள். சரிவான இடத்தில் கர்ப்பமாக இருக்கிற பெண் நின்றால், ஒன்றும் சொல்லாமல் தன் இடத்தை மாற்றிக்கொள்வாள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. கையால் கிள்ளின காலம் போய், இப்போது கொழுந்தைக் கத்தரியால்தான் வெட்டுகிறோம். நாள் முழுக்க அதைப் பிடித்துப் பிடித்து அவள் வலது தோள்பட்டை போய்விட்டது. தலைவாரக் கையைத் தூக்க முடியாது. கூடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கத்தரியை விடாவிட்டால் கை வராது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வேலையை ஒத்துக்கொண்டால் கத்தரியும் வேண்டாம், முதுகில் சாக்கும் வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்ச நாளில் வேலையையே விட வேண்டியதுதான். மலையில் நிற்காமல் அவளால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆக, உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். மறுநாளும் "பாக்கலாம்" என்றாள்.

கூட வேலை செய்யும் பெண்களை நினைத்துத் தயங்குகிறாளோ என்று எனக்குத் தோன்றியது. பழைய சூப்பர்வைசர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார், தனியாகத்தான் போய் உட்காருவார். அடுத்த வீட்டுக்காரி அதையும் விடவில்லை. "மேஸ்திரியம்மா ஆயிட்டா எங்க கருவாட்டுக் கொழம்பெல்லாம் நாறுமாக்கா?" என்றாள். "உன் கருவாட்டுக்குப் பயந்துதான்டி இந்த வேலையே வேண்டாங்கறேன்" என்று இவளும் பதிலுக்குச் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பேச்சும் இருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மலையில், பொண்டாட்டி மேஸ்திரி என்றால் புருஷனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அது எங்கள் காதுக்கும் வந்தது.

கோயமுத்தூரில் கல்யாணம் ஆகிப் போயிருக்கும் மகள் போனில் பேசினாள். "ஒத்துக்கம்மா, யோசிக்காத" என்றவள், "அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில்தான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவரு என்னைக்கும்மா சொல்லியிருக்காரு?" என்றாள் மனைவி. குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வேலையைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன அன்றைக்கு நான் 'ம்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எனக்கு அது சம்மதம். அவளுக்கு அது என்னவாகக் கேட்டதோ.

அடுத்த நாள் வேலை விட்டு, சாயங்காலம் விறகு பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மெதுவான குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மந்திரமோ என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், பேர்கள். பிரட்டுக்களத்தில் தினமும் கூப்பிடுகிற அதே வரிசையில், முதலில் இருந்து, ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வரும் பேரைச் சொன்னாள். அதோடு நின்றாள். பாத்திரம் தேய்க்கிற கையும் நின்றது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, எனக்கு அடுத்த பேரைச் சொன்னாள். கடைசிவரை போனாள். திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள்.

விறகோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் மனைவி என் பேரைச் சொன்னதே கிடையாது. எங்கள் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான். கேட்கிறவர்களிடம் 'எங்க வீட்டுக்காரரு' என்பாள், 'பாப்பா அப்பா' என்பாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் 'ஏங்க'. என் பேர் ஒரு சாமி பேர். கோயிலில் எல்லோரும் அந்தச் சாமியைப் பேர் சொல்லி அழைக்கும்போது இவள் மட்டும் 'அப்பனே' என்பாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது, இவள் சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த சாமி படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் சாமியையும் பார்த்து, என்னையும் பார்த்து, சிரித்துக்கொண்டே எழுதினாள். மகள் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். அவள் தன் புருஷனை ரோட்டில் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். இவளுக்கு அது முடியாது. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் கேட்டது மனதில் தங்கிவிட்டது.

சூப்பர்வைசர் ஆனால், தினமும் விடிகாலையில், அத்தனை பேர் முன்னால், என் பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் தோள்வலியையும் வைத்துக்கொண்டு 'பாக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு வழி ஒன்று எனக்குத் தெரிந்தது. ஃபேக்டரி ஆட்களுக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டு வேறு இடத்தில். நான் அங்கே மாறிவிட்டால் என் பேர் அவள் வாயில் வர வேண்டியதில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். உள்ளே போக மனம் வராமல் இரண்டு தடவை திரும்பி நடந்தேன். மேனேஜரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையானவர்.

"ஏனுங்க, என்ன விஷயம்? சொல்லுங்க."

"ஃபேக்டரிக்கு... மாத்திக் கொடுத்தா..."

"உங்களுக்கா? கவாத்துல உங்களாட்டம் கை யாருக்குங்க இருக்குது? அங்க தூசி. இருமல் வருமுங்க."

"வராதுங்க" என்றேன்.  அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். என் வாழ்க்கையில் மேனேஜரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் மலைக்குப் போனேன். செடிகளை விட்டுப் போவது வருத்தமாக இருந்தாலும், அவளுக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எஸ்டேட்டில் எந்தச் செய்தி தங்கும்? நான் வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ தட்டில் கொட்டியது.

"யாரக் கேட்டு ஃபேக்டரிக்குப் போறேன்னீங்க?"

"உனக்காகத்தான்" என்றேன்.

"எனக்காக நீங்க ஏன் ஒளிஞ்சுக்கணும்? நான் மேஸ்திரியானதும் எங்கூட்டுக்காரரு மலையில இருந்தே ஓடிப்போயிட்டாருன்னு ஊரு பேசறதுக்கா?"

"பேரு..." என்றேன்.

அவள் முகம் மாறியது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. தட்டில் கொட்டின டீயைத் துடைத்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்.

"எல்லார் பேரும் வாயில வருது, உங்க பேரு மட்டும் வரமாட்டேங்குதுன்னா, எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்னு நான் எப்படிங்க சொல்ல முடியும்? உங்கள அந்தப் பக்கம் அனுப்பிட்டு இந்த வேலைய வாங்கினா, மொத நாளே பொய்யில்ல? ஒண்ணு, நீங்க நிக்கையில கூப்பிடறேன். இல்லன்னா இந்த வேலையே எனக்கு வேண்டாம்."

நான் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த வேலையை எவ்வளவு பெரிதாக மதிக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

"நீ அந்த வேலையப் பாரு. எனக்கு அதுதான் ஆசை" என்றேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

"இத்தன நாளு கழிச்சு ஒரு முழு வார்த்த வந்துச்சே" என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போய்ச் சரி என்று சொன்னாள். என்னை மலையிலேயே விடும்படியும் சொல்லிவிட்டு வந்தாள். "அப்ப பேரு?" என்று கேட்டேன். "அது என் பாடு" என்றாள்.

திங்கட்கிழமை காலை. அப்படி ஒரு பனியை அந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை. ஸ்டோர் கட்டடத்தின் லைட்டு மட்டும் மஞ்சளாக ஒரு திட்டு மாதிரி தெரிந்தது. தாமதமாக வருகிறவர்கள்கூட அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வழக்கம்போல முன்வரிசையில் நின்றேன். அவள் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி, லைட்டுக்குக் கீழே நின்று பேர் கூப்பிட ஆரம்பித்தாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. நாலைந்து பேருக்குப் பிறகு நிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பேருக்கும் பனிக்குள் எங்கிருந்தோ 'இருக்கேங்க' என்று பதில் வந்தது.

எனக்கு முன்னால் வரும் பேர் வந்தது. அதற்குப் பதிலும் வந்தது. களம் அடங்கிப் போனது. யாரும் இருமக்கூட இல்லை.

அவள் என் பேரைக் கூப்பிட்டாள்.

இழுக்கவில்லை, முழுங்கவில்லை. மற்றவர்கள் பேரை எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னாள். அந்தக் குரலை வீட்டுக்குள் தினமும் கேட்கிறேன். அந்தப் பேரும் எனக்குப் பிறந்ததில் இருந்து பழக்கம்தான். இரண்டும் சேர்ந்து கேட்டபோது யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.  பதில் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. பழக்கத்தில் தலையை ஆட்டினேன்.

அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதே குரல். இந்தத் தடவை வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கினேன்.

அவள் அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

"ஐயையோ அக்கா!" என்று எனக்கு நேர் பின்னால் நின்ற அடுத்த வீட்டுக்காரி கத்தினாள். "அண்ணன் இங்கதான் நிக்கிறாரு! கையத் தூக்கிட்டு நிக்கிறாரு பாரு!"

"நின்னா எனக்கெப்படித் தெரியும்? பனியில குரல்தான ஆளு. குரல் வரலையே."

"உன் புருஷன்க்கா!"

"அது வீட்டுல" என்றாள் என் மனைவி.

 களமே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்த சத்தத்தைப் பார்க்க வேண்டுமே. எதிர்மலைக்குக் கேட்டிருக்கும். புருஷனுக்கு ஒரு நியாயமா என்று பேசியவர்களும் அங்கேதான் நின்றார்கள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எனக்கு அன்றைக்கு வேலை இல்லை. கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தேன். முதலில் காதெல்லாம் சூடாக இருந்தது. ஓடைப் பாலம் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயந்தது அவள். கடைசியில் வாய் வராமல் நின்றது நான். ஒரு கொக்கு மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நினைத்து, யாரும் இல்லாத பாதையில் சத்தமாகவே சிரித்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்க முடியவில்லை. சோறு வடித்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மத்தியானம் தூக்குப்போணியில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பனி விலகியிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் தனியாகப் போகாமல் அவர்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"மேஸ்திரியம்மா, வேலைக்கு வராத ஆளு மலைக்குள்ள வரலாமா? சட்டம் என்ன சொல்லுது?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"சோத்துக்குப் பேர் கூப்பிடறதில்லடி. வாங்கித் தின்னு" என்றாள் இவள்.

என் கையிலிருந்து போணியை அவள் வாங்கினாள்.  என்னிடம் மட்டும் கேட்கும்படி, "கோவமாங்க?" என்றாள். இல்லை என்று தலையாட்டப் போனவன், சுதாரித்துக்கொண்டு, "இல்ல" என்றேன்.

"மொத தடவ எப்படியோ சொல்லிட்டேன். ரெண்டாவது தடவதாங்க உசுரு போச்சு. மூணு நாளா ஓடைக்கிட்டப் போயி கத்திக் கத்திப் பழகினேன். மரத்துல இருந்த கருங்குரங்கு எல்லாம் திரும்பிப் பாத்துச்சு" என்றாள்.

"குரங்கு பதில் சொல்லுச்சா?" என்றேன்.

"உங்களுக்கு அதுக பரவால்ல" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலையிலும் பனி. என் பேர் வந்தது. "இருக்கேனுங்க" என்றேன். அளவு தெரியாமல் ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. ஸ்டோர் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாள். எல்லோருக்கும் செய்வதைத்தான் எனக்கும் செய்தாள். ஆனாலும் அன்றைக்கு நாள் முழுக்க எனக்குச் செடி எது, களை எது என்று தெரியவில்லை.

இப்போது அவள் தோள்பட்டை தேவலை. தலைவாரக் கை எழுகிறது. பக்கத்து டிவிஷனிலும் ஒரு பெண்ணைச் சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் பேசிவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தாள். வீட்டில் என் மனைவி இன்றைக்கும் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். கோயிலில் இன்றைக்கும் 'அப்பனே' தான். நானும் அதிகம் பேசுகிறவனாக மாறிவிடவில்லை. ஆனால் தன் மனதுக்குப் பெரிய பயமாக இருந்த ஒன்றை, அதைவிடப் பெரிய நியாயத்துக்காக அவள் தினமும் விடிகாலையில் தாண்டுகிறாள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற நான், இத்தனை வருஷம் தலையாட்டியே கழித்தவன், இங்கேதான் இருக்கிறேன் என்று பனிக்குள் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?